மொஸ்கோ தம்பித்துரை

சுவிஸ் நாட்டு லுசேர்ணில் அந்த நாட்களில் தம்பித்துரை என்ற பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் குசினியில் சமையல் உதவியாளாக வேலை செய்தவரை ‘மொஸ்கோ தம்பித்துரை’ என்று சொன்னால்தான் ஆட்களுக்குப் பிடிபடும். அவர் மொஸ்கோவைப் பார்த்தாரா என்றால், பார்த்தார். ஊரிலிருந்து வரும் வழியில் விமானம் மாறுவதற்காக அந்த விமான நிலையத்துக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் குந்தியிருந்து, அந்தப் பக்கம் கொட்டிய பனியைப் பார்த்தார். உடம்பில் ஒரு பருத்திச் சட்டை மட்டும்தான். அப்போதே, நாற்பத்தோராம் ஆண்டு மாரிக் குளிரில் இதே பனியில் கோடைச் சீருடையோடு நின்ற ஜேர்மன் பெடியன்களை நினைத்துத் தனக்குக் கண் கலங்கியது என்று சொல்லுவார். நம்பலாம். அவர் அப்படிப்பட்ட மனிதர்தான்.

ஊரில் அவர் சங்கக்கடை மனேச்சர். கூப்பன் அரிசி வராத நாளில் வரிசையில் நிற்கும் சனத்தின் முகம் எப்படி மாறும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கடைக்குச் சீனியும் பருப்பும் சுற்றிக் கொடுக்கப் பழைய தாள் கட்டுக் கட்டாக வரும். ஒருமுறை யாரோ கொழும்புத் துரை விற்றுவிட்டுப் போன ஆங்கில யுத்தச் சஞ்சிகைகள் ஒரு மூட்டை வந்து சேர்ந்தது. மனேச்சர் அவற்றில் ஒரு தாளைக்கூடக் கிழிக்க விடவில்லை. சனம் சீனியைச் சேலைத் தலைப்பில் வாங்கிக்கொண்டு, திட்டிக்கொண்டு போனது. அவர் மேசையில் காலைப் போட்டுக்கொண்டு முதலாம் யுத்தத்தையும் இரண்டாம் யுத்தத்தையும் முழுதாக வாசித்து முடித்தார்.

வாசித்ததில் அவருக்குப் பிடித்தது ஜேர்மன்காரன் தோற்ற இடங்கள் மட்டும்தான். வென்ற கதை எவனும் சொல்லுவான், தோற்ற கதையில்தான் விஷயம் இருக்கு என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் அவரும் சில தமிழ்ப் பெடியன்களும் சேர்ந்திருந்த வீட்டில், இறைச்சிக்கறி அடுப்பில் கொதிக்கும்போது மேசையில் போர்க்களம் விரியும். பருப்பு ரஷ்யப் படை. உருளைக்கிழங்கு ஜேர்மன் டாங்கி. கறிவேப்பிலை கிடைக்கும் நாட்களில் அது காடு. கூட இருந்த பெடியன்கள் கட்டிலில் சாய்ந்துகொண்டு கேட்பார்கள்.

“அண்ணை, இண்டைக்கு எந்த இடத்திலை தோக்கிறியள்?” என்பான் நித்தியானந்தன். அந்த வீட்டில் வாய் கூடியவன் அவன்தான்.

“டேய், நான் தோக்கேல்லை. ஜேர்மன்காரன் தோக்கிறான்.”

“ஒவ்வொரு ஞாயிறும் தோக்கிறான். பாவம், ஒருநாளைக்கு எண்டாலும் வெல்ல விடுங்கோவன்.”

தம்பித்துரை அதற்கெல்லாம் மசியமாட்டார். அவருடைய சித்தாந்தம் ஒன்றேயொன்று: எல்லாத் தோல்வியும் குசினியில் தொடங்குகிறது. பதினாலாம் ஆண்டு பாரிசை நோக்கி ஓட்டமாக ஓடினான், பாணும் சாப்பாடும் கொண்டுவந்த வண்டி பின்தங்கிப் போச்சுது, மார்ன் ஆற்றங்கரையில் காலும் வயிறும் சோர்ந்து திரும்பினான். ஆபிரிக்கப் பாலைவனத்தில் டாங்கிக்கு எண்ணெய் வரவில்லை. ஸ்டாலின்கிராட்டில் சாமான் எல்லாம் விமானத்தில் வரும் என்று மேலிடம் சொன்னது, வந்தது கால்வாசியும் இல்லை. மொஸ்கோவில் மாரிக்கு முன் சண்டை முடிந்துவிடும் என்று நினைத்துக் கம்பளிச் சட்டையே அனுப்பவில்லை. “சாப்பாடு வழியிலை நிக்கேக்கை தளபதி முன்னாலை நிண்டு என்ன செய்யிறான்? பின்னாலை வந்து வண்டிலைத் தள்ளவேண்டாமோ?” என்று உருளைக்கிழங்கை மேசையில் குத்துவார். பிறகு ஸ்டாலின்கிராட்டுக்கு வந்ததும் குரல் இறங்கிவிடும். “பீரங்கி, லொறி எல்லாத்தையும் விட்டுட்டு நேரத்தோடை நடந்து வந்திருந்தா எத்தினை பெடியன் தப்பியிருப்பான். விடமாட்டனெண்டு நிண்டாங்கள். பிடிவாதம்.”

இந்தப் பாடத்தை அவர் ஹோட்டல் குசினியிலும் விடவில்லை. அங்கே களஞ்சியத்தைப் பார்த்துக்கொண்டவர் வால்டர் என்ற ஜேர்மன்காரர். ஒரு சுவிஸ் பெண்ணைக் கட்டி லுசேர்ணிலேயே தங்கிவிட்டவர், பென்சனுக்குக் கிட்ட வந்துவிட்டவர், இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பவர், ஒரு நாளைக்குப் பத்துச் சொல்லுக்கு மேல் பேசாதவர். ஒரு ஜேர்மன்காரரிடமே ஜேர்மன் தோல்விகளை, அதுவும் தன்னுடைய அரைகுறைக் குசினி ஜேர்மனில் விளக்கக்கூடாது என்று தம்பித்துரைக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. இருவரும் சேர்ந்து கிழங்கு உரிக்கும் வேளைகளில் அவர் டாங்கிகளை அணிவகுத்து வைப்பார். வால்டர் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒவ்வொரு டாங்கியாக எடுத்து உரித்துத் தண்ணீருக்குள் போடுவார்.

“நீங்களும் யுத்தத்துக்குப் போனீர்களா?” என்று ஒருமுறை தம்பித்துரை கேட்டார்.

“எல்லோரும் போனார்கள்” என்றார் வால்டர். அவ்வளவுதான். காலை இழுத்துக்கொண்டு கரட் எடுக்கப் போய்விட்டார். எங்கேயோ ஒரு கிடங்கில் கணக்கெழுதியிருப்பார் என்று தம்பித்துரை தனக்குள் முடிவுகட்டிக்கொண்டார்.

எண்பத்தேழாம் ஆண்டு தை மாதம், கலாவதிக்கும் குகநாதனுக்கும் கலியாணம். குகநாதன் அதே வீட்டில் இருந்தவன், அமைதியான பெடியன். கலாவதி தம்பித்துரையின் ஊர்ப் பிள்ளை. தகப்பன் இல்லை, தாயால் வரமுடியாது, தன்னந்தனியாக வந்து இறங்கி, பாடன் நகரில் ஒரு தமிழ்க் குடும்பத்தோடு தங்கியிருந்தாள். ஊர் முறையில் தம்பித்துரை அவளுக்குச் சித்தப்பா. அவர்தான் தகப்பன் இடத்தில் நின்று தாரை வார்த்துக் கொடுக்கவேண்டும் என்று அவளே கேட்டாள். அன்று அவர் ஹோட்டலில் இரண்டு தட்டை உடைத்தார்.

சந்தோசம் மட்டுமில்லை. ஊரில் அவருடைய மகள் யசோதராவுக்கும் இதே வயது. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை இந்த நாட்டை விட்டு வெளியே கால் வைக்க ஏலாது. மனைவி ஞானேஸ்வரி மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டாள். அந்தக் கலியாணத்தில் மகளுடைய கையை யாருடைய கை தாங்குமோ என்று நினைத்தால் அவருக்குச் சோறு இறங்காது. அதனால் கலாவதியின் கையை ஒழுங்காகப் பிடித்துக் கொடுக்கவேண்டும் என்பதில் அவர் வெறியாக இருந்தார்.

ஐயர் கிடைத்தார். சூக் நகரில் ஒரு றெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவர், நல்ல குரல், மந்திரம் மறக்கவில்லை. ஓமம் வளர்க்கத்தான் மண்டபம் கிடைக்கவில்லை. புகை என்றதும் லுசேர்ணில் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். கடைசியில் மலைச்சரிவில் ஒரு கிராமத்துத் தேவாலயத்தின் பங்கு மண்டபம் அகப்பட்டது. கல் பாவிய தரை, உயரமான கூரை, மாட்டுப் பண்ணைக்காரரான காவலாளிக்குப் புகை பெரிய விஷயமாகப் படவில்லை. மார்கழியில் கலியாணம் செய்யக்கூடாது, தை பிறந்தால் செய்யலாம் என்று பஞ்சாங்கம் சொன்னது. அந்தப் பஞ்சாங்கத்தை எழுதினவர் ஆல்ப்ஸ் மலையைக் கண்டவரில்லை என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை.

மண்டபத்தில் சமைக்க வசதியில்லை. ஹோட்டல் குசினியில் விடியற்காலை சமைத்து மேலே கொண்டுபோகலாம் என்று தம்பித்துரை திட்டம் போட்டார். பெரிய சமையல்காரர் அனுமதி தந்தார், வால்டர் பானைகள் தந்தார். நித்தியானந்தனிடம் ஒரு பழைய வான் இருந்தது. அதன் ரயர்கள் தேய்ந்து மொட்டையாக இருந்ததைக் கண்ட தம்பித்துரை, நல்ல காரியத்துக்குப் போகும் வாகனம் இப்படியா என்று, பழைய கார் விற்கும் ஒருவனிடம் நாலு புத்தம்புது ரயர் வாங்கிப் பூட்டுவித்தார். தை மாதத்தில் அவன் ஏன் அவ்வளவு மலிவாகத் தள்ளிவிடுகிறான் என்று சங்கக்கடை மனேச்சர் ஒரு கணம் நின்று யோசித்திருக்கலாம். ஆனால் எங்களூரில் ரயர் என்றால் ரயர்தான். கறுப்பாக, வட்டமாக, காற்றுப் போகாமல் இருந்தால் சரி. மாரிக்கு ஒன்று கோடைக்கு ஒன்று என்று அதற்கும் உடுப்பு மாற்றவேண்டும் என்று யார் கண்டது!

“மலையில் பனி. ரயர் எப்படி?” என்று வால்டர் கேட்டதுண்டு.

“எல்லாம் புதியது” என்றார் தம்பித்துரை பெருமையாக.

தை மாதத்தில் கோடை ரயர் புதிதாக வாங்கும் மனிதர் இந்த உலகத்தில் இருப்பார் என்று வால்டரும் நினைக்கவில்லை. “அப்போது சரி” என்று தலையாட்டினார்.

கலியாணத்துக்கு முதல் நாள் கலாவதி கூறைச் சேலையை மடித்து வைத்துக்கொண்டே சொன்னாள்: “சித்தப்பா, நாளைக்கு நீங்கள் என்னோடை காரிலை வாங்கோ. சாப்பாட்டை நித்தியண்ணை கொண்டு வரட்டும்.”

“சாப்பாட்டைத் தனிய விடுறதோ? மார்ன் ஆற்றங்கரையிலை என்ன நடந்தது தெரியுமோ பிள்ளை?”

“ஐயோ சித்தப்பா, ஜேர்மன்காரனுக்கு நடந்தது எனக்கு வேண்டாம். சாப்பாடு பிந்தினாலும் காரியமில்லை. நீங்கள் வந்து நிண்டாப் போதும்.”

“நான் வராமல் விடுவனோ? உனக்கு முன்னம் அங்கை நிப்பன்.” அவளுடைய தலையில் கை வைத்துச் சொன்னார்.

விடிந்தபோது சோறு, பருப்பு, சாம்பார், கத்தரிக்காய்க் கறி, வடை, பாயாசம் எல்லாம் பானைகளில் மூடி, கம்பளி சுற்றி வானில் ஏற்றியாகிவிட்டது. விருந்தாளியான வால்டர், கறுத்தக் கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டுக்கொண்டு, பானை சரியாமல் பிடிப்பதற்காகப் பின்னால் ஏறிக் குந்தினார். இருட்டில் அவரும் சில்லுகளைக் குனிந்து பார்க்கவில்லை. தம்பித்துரை பட்டு வேட்டிக்கு மேல் ஒரு குளிர்க் கோட்டை மாட்டிக்கொண்டு முன்னால் ஏறினார். படை புறப்பட்டது.

கீழ் வீதியில் ஒரு குறையும் இல்லை. மலை ஏறத் தொடங்கி இரண்டாவது வளைவில் வான் மெதுவாக, ஒரு சத்தமும் போடாமல், பின்பக்கத்தை ஆட்டத் தொடங்கியது.

“அண்ணை, நான் வலப்பக்கம் திருப்புறன், இது இடப்பக்கம் போகுது” என்றான் நித்தியானந்தன். அதற்குள் வான் வீதியோரப் பனிக் குவியலில் போய்ச் சாய்ந்துவிட்டது. பானைகள் முனகின. ஒன்றும் கவிழவில்லை. வால்டர் இரண்டு கையாலும் சாம்பாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

இறங்கித் தள்ளினார்கள். சில்லு சுழன்றது, வான் அசையவில்லை. அரிசிச் சாக்கைச் சில்லுக்கடியில் போட்டார்கள், அது பறந்து போனது. வால்டர் குனிந்து ரயரை விரலால் தடவினார். பிறகு நிமிர்ந்து தம்பித்துரையைப் பார்த்தார்.

“இது கோடை ரயர்.”

“புதியது...” என்றார் தம்பித்துரை.

“புதிய கோடை ரயர்.”

நித்தியானந்தனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அண்ணை, மாரிக்கு முன்னம் சண்டை முடிஞ்சிடுமெண்டு நினைச்சியளோ?” என்றான். தம்பித்துரையின் முகத்தைப் பார்த்ததும் மறுபடி வானைத் தள்ளப் போனான்.

மேலே தேவாலய மணி கேட்டது. முகூர்த்தத்துக்கு அதிக நேரம் இல்லை. நடந்தால் போய்விடலாம், ஏற்றம்தான், ஆனால் தூரமில்லை. நித்தியானந்தன் அதைத்தான் சொன்னான். “நீங்கள் நடவுங்கோ, நான் நிக்கிறன்.” தம்பித்துரை கேட்கவில்லை. சாம்பார்ப் பானையின் ஒரு காதைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். அது நாலு பேர் தூக்கவேண்டிய பானை. கை வழுக்கியது. திரும்பப் பிடித்தார்.

“இருநூறு சனம் மேலை பசியோடை இருக்கப்போகுது. ஊரிலை ஒரு கலியாணத்திலை சோறில்லை எண்டால் தலைமுறைக்கும் சொல்லுவாங்கள். நான் விட்டுட்டு வரமாட்டன்.”

“அங்கை பிள்ளை பாத்துக்கொண்டு நிக்கும், அண்ணை.”

“விட்டுட்டு வரமாட்டன் எண்டுறன்!” அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. தன்னுடைய மடைத்தனத்தில் வந்த கோபம் எல்லாம் அந்தப் பானைக்காதில் போய்ப் பிடித்துக்கொண்டிருந்தது.

வால்டருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் அவர் அருகே வந்து, தம்பித்துரையின் விரல்களைப் பானைக் காதிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்.

“நான் யுத்தத்தில் குசினி வண்டியில் இருந்தேன்” என்றார். “மொஸ்கோவுக்கு வெளியே. எனக்குப் பத்தொன்பது வயது. சமையல்காரன் எமில், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவன். பின்வாங்கும்போது வண்டி இப்படித்தான் பனியில் புதைந்தது. குதிரை விழுந்துவிட்டது. ரஷ்யர்கள் வருகிறார்கள், நடக்கலாம் என்றேன். அவன் வரவில்லை. பெடியன்கள் பசியோடு இருப்பார்கள், சூப் இன்னும் சூடாக இருக்கிறது என்றான்.”

அத்தனை சொற்களை அவர் ஒரே மூச்சில் பேசி ஒருவரும் கேட்டதில்லை. அந்தப் பனியில் விறைத்துப்போன காலைத்தான் அவர் இழுத்து நடக்கிறார் என்று தம்பித்துரைக்கு அப்போதுதான் விளங்கியது. இரண்டு வருடமாக இந்த மனிதனுக்கு முன்னால் கிழங்கை அடுக்கி அடுக்கி நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

“அன்றைக்கு நான் நடந்தேன், அவன் நின்றான்” என்றார் வால்டர். “இன்றைக்கு நீ நட. பானையோடு நான் நிற்கிறேன். இங்கே ஒருவரும் சுடமாட்டார்கள்.”

தம்பித்துரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார்.

குசினிச் சப்பாத்து வழுக்கியது. இரண்டு தரம் விழுந்தார். ஒரு இடத்தில் நாலு காலில் ஏறினார், அதைப் பார்க்க நல்லவேளை மாடுகளும் தொழுவத்துக்குள் இருந்தன. மூச்சு வாங்கியது. பிள்ளை, பிள்ளை என்று வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தது. கலாவதியைச் சொல்லுகிறாரா, யசோதராவைச் சொல்லுகிறாரா என்று அவருக்கே தெரியவில்லை.

மண்டபத்துக்குள் ஐயர் மந்திரத்தை இழு இழு என்று இழுத்துக்கொண்டிருந்தார். தெரிந்தவர்களுக்குத் தெரியும், சில மந்திரங்கள் இரண்டாம் தரம் வந்துகொண்டிருந்தன. விருந்தினரில் மூத்தவர் இராஜசிங்கத்தைத் தகப்பன் இடத்தில் இருத்தலாம் என்று மாப்பிள்ளை பக்கம் பேச்செழுந்திருந்தது. கலாவதி அறையை விட்டு வெளியே வரவில்லை. சித்தப்பா வருவேன் என்று தலையில் கை வைத்துச் சொன்னவர், வருவார் என்று மட்டும் கதவுக்குள்ளிருந்து சொல்லியிருக்கிறாள்.

தலை முழுக்கப் பனியோடு அவர் உள்ளே வந்து நின்றபோது சனம் விலகியது. கதவு திறந்தது. கூறைச் சேலையில் கலாவதி அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

“சாப்பாடு எங்கை சித்தப்பா?”

“வழியிலை நிக்குது.”

“சாப்பாட்டை விட்டுட்டோ வந்தனீங்கள்?”

“ஓம் பிள்ளை. விட்டுட்டன்.”

கலாவதிக்கு அழுகை வந்தது. மொஸ்கோ தம்பித்துரை சாப்பாட்டை வழியில் விட்டுவிட்டு வருவதென்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். கண்மை கரைந்து கன்னத்தில் ஓடியது. பெண்கள் துடைக்க ஓடிவந்தார்கள். அவர் அவளுடைய கையைத் தன் கையில் ஏந்தி, குகநாதனின் கையில் வைத்தார். தண்ணீரை வார்த்தார். தாலி ஏறியது.

அட்சதை போட்ட கையோடு அவர் சனத்தைப் பார்த்துத் திரும்பினார். “சாப்பாடு கீழை நிக்குது. அது மேலை வராது. நாங்கள்தான் போகவேணும்” என்றார். ஒரு படை இவ்வளவு மகிழ்ச்சியாகப் பின்வாங்கியிருக்காது. வேட்டிக்கு மேல் கோட்டும் கோட்டுக்கு மேல் சால்வையுமாக ஆண்கள் முன்னே போனார்கள். பெண்கள் சட்டி, வாளி, காவலாளியின் பால் கறக்கும் பாத்திரம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனார்கள். வழுக்கி விழுந்தவர்களை அடுத்து வந்தவர்கள் சிரித்துக்கொண்டே தூக்கினார்கள். பண்ணைக்காரர் பனிச்சறுக்கு வண்டி ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தார்.

எல்லோருக்கும் முன்னால் ஓடியவர் தம்பித்துரை. வானுக்கு வெளியே நித்தியானந்தன் காலைக் காலை உதைத்துக்கொண்டு நின்றான். பின்கதவைத் திறந்தார். உள்ளே வால்டர் வெறும் சட்டையோடு இருந்தார். அவருடைய கறுத்தக் கோட்டு சாம்பார்ப் பானையைச் சுற்றிக் கட்டியிருந்தது. கழுத்துப்பட்டி மூடிக்கு மேல் முடிச்சுப் போட்டிருந்தது. உதடு நீலமாகிப் போயிருந்தது.

“கலியாணம்?” என்று கேட்டார்.

“முடிந்தது. நான் நின்றேன்.”

வால்டர் தலையாட்டினார். பிறகு கழுத்துப்பட்டியை அவிழ்த்து மூடியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். ஆவி எழும்பி அவருடைய முகத்தில் பட்டது.

“இன்னும் சூடாக இருக்கிறது” என்றார்.

தம்பித்துரை தன்னுடைய கோட்டைக் கழற்றி வால்டருக்குப் போட்டு, அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஊரில் சாவீட்டில் அழுவதுபோலச் சத்தமாக அழுதார். சாப்பாட்டை வாளிகளிலும் சறுக்கு வண்டியிலும் மேலே கொண்டுபோனபின், மண்டபத்தில் முதல் தட்டை வால்டருக்கு வைத்தார். அதற்குப் பக்கத்தில், யாரும் இல்லாத கதிரைக்கு முன்னால், இன்னொரு தட்டில் சோறும் சாம்பாரும் தன் கையாலேயே போட்டு வைத்தார்.

“அது யாருக்கு அண்ணை?” என்றான் நித்தியானந்தன்.

“எமிலுக்கு” என்றார் தம்பித்துரை.